நாற்பத்தேழாவது நொடி

பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடியில், ஹீட்டர் முனகும் அறையில்
கேசா ஓல்ட்மன்ஸுக்குப் பார்ப்பதற்குச் சம்பளம்.
முகம் கழுவுகிறவர்களை, ஷூ கட்டுகிறவர்களை,
‘உண்மையைச் சொல்லணும்னா’ என்று தொடங்குகிறவர்களை.
நாளொன்றுக்கு நூற்றிருபது வீடியோ.
யார் காசு வாங்கினார், வாங்கியதை
எந்த நொடியில், திரையின் எந்த மூலையில்
எவ்வளவு பெரிய எழுத்தில் சொன்னார்.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான்.
முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும்.
(முதல் பார்வையில் என்ன தெரியும் என்பதை
அவளுடைய முன்னாள் கணவனைக் கேட்கலாம்.)

வெள்ளைச் சுவர்மேல் சாம்பல் எழுத்து.
பதினேழு ஹேஷ்டேக் தாண்டி, ‘மேலும்’ என்பதை அழுத்தினால்
நன்றி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும்
ஒரு நிறுவனத்தின் பெயர்.
பூசணிக்காய் அதே முழுப் பூசணிக்காய்தான்.
மறைக்கிறவர்கள்தான்
சோற்றை அழகாகப் பரப்பக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

வீப்கெயை அப்படித்தான் பிடித்தாள்.
லேயர் ஊர்க்காரி. தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறவள்.
‘பதினோரு வருஷம் தூங்காதவள் நான்,
இந்த மெத்தையில் குழந்தை மாதிரி...’
கீழே தள்ளுபடிக் குறி: வீப்கெ15.
காசு வாங்கியதாக ஒரு சொல் இல்லை.
கேசா திரையைப் படம் எடுத்தாள், நேரம் குறித்தாள்,
கோப்புக்கு எண் கொடுத்தாள்,
இரவு வீட்டுக்குப் போய்
அதே மெத்தையில் படுத்தாள்.
போன அக்டோபரில் வாங்கியது,
வீப்கெ15 போட்டு.
விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.
நுரை என்னவோ நல்ல நுரைதான்.

அன்ட்சைகெ என்று அவர்கள் மொழியில் ஒரு சொல்.
விளம்பரத்துக்கும் அதுதான்,
காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாருக்கும் அதுதான்.
ஒருத்தி எழுதாமல் விட்ட சொல்லை
இன்னொருத்தி எழுதி அனுப்பினாள்.
(வக்கீல்கள் அந்தக் கடிதத்துக்கு வேறு பெயர் சொல்வார்கள்.)

கடிதம் போன பிறகு
வீப்கெ எல்லாவற்றின் மேலும் எழுதத் தொடங்கினாள்.
தன் காசில் வாங்கிய ரொட்டி: விளம்பரம்.
எதிர்வீட்டு நாய் கொட்டாவி விடுகிறது: விளம்பரம்.
ஜன்னலில் மழை; அதன் குறுக்கே
கொட்டை எழுத்தில், கறுப்பாக, விளம்பரம்.
அந்த ஊரில் பெய்கிற மழைக்கு யார் காசு கொடுப்பது?
பயமா, கேலியா,
கேசாவின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
சொல்லாமல் விட்டால்தான் வழக்கு.
எல்லாவற்றையும் சொல்லி
எதையும் சொல்லாமல் இருப்பவளை
என்ன செய்வதென்று மேலதிகாரிக்கும் தெரியவில்லை.

மார்ச்சில் ஒன்று வந்தது.
சமையலறை மேசை. பூச்சு இல்லாத முகம்.
ஹைகோ போய்விட்டான் என்கிறாள்,
சைக்கிளையும் காபி மெஷினையும் எடுத்துக்கொண்டு.
மெஷின் தான் வாங்கியது என்கிறாள்.
அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைகிறது.
எங்கும் எதுவும் எழுதியிருக்கவில்லை.
முதன்முறையாக வெறும் படம்.

கேசாவும் அழுதாள், வேலை நேரத்தில்.
அப்புறம் பின்னால் ஓட்டினாள்.
நாற்பத்தேழாவது நொடி.
வீப்கெ கை நீட்டுகிற டிஷ்யூ டப்பா,
அதன் பெயர் நேராக நம்மைப் பார்த்தபடி,
யாரோ திருப்பி வைத்தது போல.
கேசா எழுந்து போய்
அலுவலகத்து டப்பாவைப் பார்த்தாள்.
அதே நிறுவனம். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.
எப்படி வைத்தாலும் தெரியட்டும் என்று
நாலு பக்கமும் பெயரை அச்சடித்திருந்தார்கள்.

ஐந்தரை ஆகிவிட்டது.
வெளியே கிரேன்கள் யாருடையது என்று எழுதிய பெட்டிகளை
கப்பலில் இருந்து இறக்கிக்கொண்டிருந்தன.
கோப்புக்கு எண் கொடுக்கவில்லை. மூடவும் இல்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு விளக்கை அணைத்தாள்.
திரையில் வீப்கெ
நீட்டிய கையோடு நின்றிருந்தாள்.